பெரியவ வெச்சதுதான் சட்டம்!

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு தாதா இருக்கிறாள். வயது 5. எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. செவலை நிறம். ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டை. வலது காலில் ஒரு நகம் கிடையாது. கீரியோடு நடந்த சண்டையில் போனது. (கீரிக்கு என்ன போச்சு என்று தெரியவில்லை. அதற்கப்புறம் அது இந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை!) முட்டை போடுவதைக் கிட்டத்தட்ட நிறுத்தியாகிவிட்டது. அதிகாரத்தை மட்டும் நிறுத்தவில்லை.

பெயர் 'பெரியவ'. வைத்தது என் அம்மா.

அப்பா காலமான பிறகு அம்மாவை ஊரிலிருந்து திருமங்கலத்துக்கு அழைத்து வர நான் பட்ட பாடு தனிக் கதை. "உன் வீட்டுக்கு வந்து நான் என்னடா செய்யப்போறேன்? டி.வி-யப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?" என்று ஒரே பிடிவாதம். கடைசியில், "என் கோழிகளும் வரும். சம்மதம்னா சொல்லு" என்று கண்டிஷன் போட்டாள். அப்படித்தான் 81 வயசு அம்மாவும், பஞ்சாரத்துக்குள் மூன்று கோழிகளுமாக ஒரு மினி லாரியில் வந்து இறங்கினார்கள். பெரியவ, கருப்பி, பொறிச்சி.

அன்றிலிருந்து விடிந்தால் கூட்டைத் திறப்பது, நடுவில் குருணை இறைப்பது, பொழுது சாய்ந்தால் எண்ணி அடைப்பது... இதுதான் அம்மாவின் உத்தியோகம். சமையலறை என் மனைவியின் ராஜ்ஜியம். கொல்லை அம்மாவின் ராஜ்ஜியம். எல்லைக்கோடு, பின்வாசல் படி. நான் அந்தப் படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ரிட்டையர்டு ஆசாமி. இரண்டு பக்கமும் அடி விழக்கூடிய இடம் அது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

போன புரட்டாசியில் என் மனைவி சந்தைக்குப் போனவள், கத்தரிக்காயோடு 6 கோழிக்குஞ்சுகளையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாம் இரண்டு மாத வயசு பெட்டைகள். பால் வற்றிய முகம் மாதிரி ஒட்டிய முகமும் நீளக் காலுமாக, பிளஸ் டூ பையன்கள் மாதிரி இருந்தன.

"மூணு கிழவிகளை வெச்சுக்கிட்டு மாசத்துக்கு ஏழு முட்டை. கோழியும் வளர்த்து, கடையில முட்டையும் வாங்குற வீடு ஊர்லயே நம்ம வீடு ஒண்ணுதான்!" என்றாள்.

அம்மா குஞ்சுகளைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வாங்கினது சரி. எங்க விடப் போறீக?"

இந்தக் கேள்வியில் இருந்த எச்சரிக்கையைப் புரிந்துகொள்ள நான் கிராமத்திலேயே இருந்திருக்க வேண்டும். 35 வருஷம் ஆபீஸில் ஃபைல் புரட்டியவனுக்கு எப்படிப் புரியும்? "எல்லாம் கோழிதானேம்மா! ஒண்ணுக்குள்ள ஒண்ணு பழகிக்கும்" என்று சொல்லிக்கொண்டே போய், கூடையை அப்படியே கொல்லையில் கவிழ்த்தேன்.

அடுத்த ஐந்து நிமிஷம்...

பெரியவ கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, ஒரு ஓட்டம் ஓடினாள் பாருங்கள்... 5 வயசுக் கிழவியின் ஓட்டமா அது! முதலில் கிடைத்ததன் உச்சந்தலையில் ஒரு போடு. அது கீச்சென்று பறந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கருப்பியும் பொறிச்சியும் சும்மா இருந்தார்களா? தலைவி எவ்வழி, தொண்டர்கள் அவ்வழி! நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நடுவில் புகுந்தேன். பெரியவ என் கணுக்காலிலும் ஒன்று வைத்தாள். ஒருவழியாகச் சத்தம் அடங்கியதும், "அவ்வளவுதான், இனிமே சரியாயிடும்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு. சாயங்காலம் அம்மா எண்ணிப் பார்த்தபோது 5 குஞ்சுதான் இருந்தது. ஆறாவது, துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. இருக்கிறதிலேயே சின்னது, வெள்ளை. பின்மண்டையில் தோலே இல்லை. ஓட இடம் இல்லாத மூலையில் போய் மாட்டிக்கொண்டு, பகல் முழுக்கக் கொத்து வாங்கியிருக்கிறது. அம்மா மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டு, ராத்திரி முழுக்க ஒரு அட்டைப் பெட்டியில் பக்கத்திலேயே வைத்திருந்தாள். விடியறதுக்குள் போய்விட்டது. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

அதன்பிறகு இரண்டு நாள் என் மனைவி அம்மாவோடு பேசவில்லை. அம்மா பெரியவளோடு பேசவில்லை. என்னோடு யாருமே பேசவில்லை.

மூன்றாவது நாள் என் மனைவி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பொங்கலுக்குப் பையன் வர்றான். அந்த ரௌடியைக் குழம்பு வெச்சிடலாம். மத்ததாச்சும் பிழைக்கும்."

அம்மா கூடத்தில்தான் இருந்தாள். காது அவளுக்குக் கொஞ்சம் மந்தம். ஆனால் இந்த மாதிரி வார்த்தைகள் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி "பசிக்கலை" என்று படுத்துவிட்டாள்.

அடுத்த தெருவில் ஒரு ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் இருக்கிறார். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பவர். "ஸார், 5 வருஷக் கோழியையா குழம்பு வைக்கப் போறீங்க? பத்து விசில் விட்டாலும் வேகாது. குக்கர்தான் வெந்து போகும். பேசாம மூக்கை வெட்டி விட்டுடுங்க. நாமக்கல் பண்ணையில எல்லாம் அப்படித்தான்" என்றார். உண்மைதான். ஆயிரக்கணக்கில் முட்டைக்கோழி வளர்க்கிற பண்ணைகளில், ஒன்றையொன்று கொத்திக் குதறாமல் இருக்கக் குஞ்சிலேயே மூக்கு நுனியைத் தீய்த்து வெட்டிவிடுவது வழக்கம். யோசனையோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மூக்கை வெட்டிட்டா மண்ணைக் கிளறி அது எப்படி ஸார் பொறுக்கித் தின்னும்? பண்ணைக்கோழிக்குத் தீவனம் வாய்கிட்ட வருது. உங்க கோழிக்கு வருமா?" என்றவர், "தப்பு கோழி மேல இல்லை, உங்க மேலதான். உங்க வீட்டுக்குள்ள திடீர்னு ஆறு பேர் புகுந்து சாப்பாட்டுத் தட்டை இழுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"போலீஸுக்குப் போன் பண்ணுவேன்."

"அதுக்குப் போன் கிடையாதே ஸார். மூக்குதான் இருக்கு!"

அடுத்து இன்னொரு குட்டும் வைத்தார். சந்தையில் வாங்கின கோழியை அன்றைக்கே வீட்டுக்கோழியோடு சேர்த்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனமாம். வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய் ஒன்றோடு வந்தால் கொல்லையையே காலி பண்ணிவிடும். புதுசாக வருவதை இரண்டு வாரமாவது தூரத்தில் தனியே வைத்து, தின்கிறதா, எச்சம் சரியாக இருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டும். இரண்டு மாதக் குஞ்சுகளுக்கு அந்த நோய்க்கான தடுப்பூசி போடுகிற வயசு அது. ஐந்துக்கும் போட்டு அனுப்பினார். நோய் வராமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். என் சாமர்த்தியம் அதில் எள்ளளவும் இல்லை.

வேறு வேலை இல்லாதவன் என்பதால் கோழிச்சண்டை பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நார்வே நாட்டில் தார்லைஃப் ஷெல்டரூப் எப்பே என்று ஒருவர். பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று நோட்டுப் போட்டுக் குறித்து வைத்தவர். (நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்போம்!) 1922-ல் ஜெர்மன் மொழியில் அதைப் பெரிய ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டார். விஷயம் இதுதான். கோழிக்கூட்டத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இவள் அவளைக் கொத்தலாம், அவள் திருப்பிக் கொத்தக்கூடாது. தீர்ப்பு ஒருமுறை ஆகிவிட்டால் அப்புறம் சண்டை கிடையாது. ஒரு பார்வை போதும், கீழே இருப்பவள் ஒதுங்கிவிடுவாள். முகத்தையும் கொண்டையையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் வைத்துக்கொள்கின்றன.

நான் பேப்பர் பென்சிலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 3 கோழி என்றால் 3 ஜோடி. 8 கோழி என்றால்? 28 ஜோடி! பழைய மூன்றும் தங்களுக்குள் 3 தீர்ப்பை எப்போதோ முடித்துவிட்டன. குஞ்சுகள் ஐந்தும் சந்தைக்கூடையிலேயே தங்களுடைய 10 தீர்ப்பை முடித்திருக்கும். பாக்கி 15 வழக்கு. அத்தனை வழக்கையும் ஒரே காலையில் விசாரிக்கச் சொல்லி நான் கூடையைக் கவிழ்த்திருக்கிறேன்!

குஞ்சுகளைக் கொஞ்ச நாள் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்துவிட்டு, கம்பி வலை வாங்கி வந்து கொல்லையை இரண்டாகத் தடுத்தேன். அந்தப் பக்கம் கிழவிகள், இந்தப் பக்கம் இளசுகள். பார்க்கலாம், கேட்கலாம், தொட முடியாது. இரண்டு பக்கத் தீவனச் சட்டியையும் வலையை ஒட்டியே வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. எதிரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகவேண்டுமாம்.

முதல் இரண்டு நாள் பெரியவ சாப்பிடவே இல்லை. வலையின் நீளத்துக்கு மேலும் கீழும் நடை. குஞ்சு கிட்டே வந்தால் வலை மேலேயே ஒரு போடு. நாலாம் நாள் ஒரு வாய் குருணை, ஒரு முறைப்பு, மறுபடி ஒரு வாய். பத்தாம் நாள் வெயிலில் வலை ஓரமாக மண்குளியல் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி சாம்பல் நிறக் குஞ்சும் புரண்டுகொண்டிருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

படியில் நின்று பார்த்த என் மனைவி, "என்னையும் 34 வருஷத்துக்கு முன்னாடி இப்படி ரெண்டு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் வெச்சிருந்தா நல்லாருந்திருக்கும்!" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன்.

அம்மாவோ பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். "உனக்கு நான் ஒருத்திதானத்தா! எனக்கு மாமியா போக நாலு ஓரகத்தில்ல இருந்தாக. நான் எந்தக் கல்லுக்குப் பின்னாடி போய் ஒளியிறது?"

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

தீவன விஷயத்தில் நான் செய்யவிருந்த இன்னொரு தப்பையும் டாக்டரம்மா தடுத்தார். எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனமே போட்டுவிடலாம் என்றிருந்தேன். அதில் ஓடு கெட்டியாவதற்காகச் சுண்ணாம்புச்சத்து ஜாஸ்தி. முட்டைக்கு வராத இளசுகளுக்குத் தொடர்ந்து அதைப் போட்டால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தால், தேவைப்படுகிறவள் கொத்திக்கொள்வாள். கோழிக்குத் தெரிகிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

வலையை எப்போது எடுப்பது? எனக்குப் பரபரப்பு. அம்மா விடவில்லை. "அதுக உசரத்துக்கு இதுக வரட்டும்டா. சிறுசா இருந்தா ஒரே கொத்துல போயிரும்." ஆறு வாரம் ஆயிற்று. குஞ்சுகள் விடைக்கோழியாகி, தோளுக்குத் தோள் வந்தன. ஒரு சனிக்கிழமை காலை, "இன்னிக்கு எடுத்திடலாம்" என்று வலைக்கருகே போனேன்.

"பகல்ல விடாதே. ராத்திரிதான்" என்றாள் அம்மா.

டாக்டரம்மாவும் அதையேதான் சொல்லியிருந்தார். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. சண்டை போடவும் தெம்பிருக்காது. எட்டரை மணிக்கு அம்மா விளக்குக்கூட இல்லாமல் போனாள். தூங்கிக்கொண்டிருந்த இளசுகளை ஒவ்வொன்றாக, இறக்கையோடு சேர்த்து அணைத்து எடுத்தாள். கூட்டுக்குள் கம்பின் மேல் கிழவிகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கை நடுங்குகிற வயசு. ஆனால் ஒரு கோழிகூடச் சத்தம் போடவில்லை. நான் டார்ச்சை எடுத்தபோது, "அணைடா அதை!" என்று ஒரு அதட்டல்.

இதைக் கேட்டுவிட்டு, 'ஆஹா, ராத்திரியோடு ராத்திரியாகச் சேர்த்துவிட்டால் காலையில் சொந்தமாகிவிடும்' என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். விடிந்ததும் பெரியவளுக்குக் கண் தெரியும்! மூடிய கூட்டுக்குள் ஓட இடமிருக்காது. அதனால் அம்மா நாலரை மணிக்கே எழுந்து கூட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சம் வந்த நிமிஷமே திறந்துவிட்டாள்.

கொல்லையை நாங்கள் முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தோம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்த சந்தைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. முட்டுச்சந்தே இருக்கக்கூடாது. ஓடி ஒளிய இடம் இருக்க வேண்டும், ஆனால் அதற்கு இரண்டு வாசல் வேண்டும். சுவரில் சாய்த்த ஒரு பலகை, என் பழைய சைக்கிள், அடியில்லாத ஒரு பானை. தீவனம் மூன்று இடத்தில், தண்ணீர் இரண்டு இடத்தில். ஒரு சட்டிக்குக் காவல் நின்றால் அடுத்த சட்டியில் தின்றுவிடலாம்.

சண்டை வந்தது. வராமல் இருக்குமா? துரத்தினாள், கொத்தினாள், சிறகு பறந்தது. 'ரத்தம் வராத வரை குறுக்கே போகாதீங்க. அதுகளே தீர்த்துக்கணும். ரத்தம் வந்தா மட்டும் உடனே தனியே எடுத்துடுங்க. சிவப்பைப் பார்த்தா எல்லாம் சேர்ந்து கொத்தும்' என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான வேலை பார்த்ததில்லை.

ஒரு ஆச்சரியம். பெரியவளைவிட மோசமாக நடந்துகொண்டது கருப்பி! மூன்று பேரில் கடைசியாக இருந்தவள் அவள். எல்லாரிடமும் கொத்து வாங்கியே காலம் தள்ளியவள். தனக்குக் கீழே இப்போதுதான் ஆள் கிடைத்திருக்கிறது, விடுவாளா? ஆபீஸில் இப்படிச் சிலரை நான் பார்த்திருக்கிறேன்.

கருப்பி ஒரு வாரத்தில் அடங்கிவிட்டாள். பெரியவ அடங்கவில்லை. குறிப்பாக அந்தச் சாம்பல் விடையைத் தேடித் தேடிப் போய் அடித்தாள். எட்டாம் நாள் அதன் பிடரியில் ரத்தம். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. காயம்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் மடியில் வைத்தாள், அவ்வளவுதான்.

அம்மா மஞ்சள் வைத்து முடித்தாள். எழுந்து போய்ப் பஞ்சாரத்தை எடுத்து வந்தாள். குருணையைக் காட்டிப் பெரியவளைக் கூப்பிட்டாள். வந்தது. அதன் மேல் தானே கவிழ்த்தாள். மேலே ஒரு கல்லையும் வைத்தாள்.

"நாலு நாளைக்கு இங்கயே கிட" என்று கோழியிடம் சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலேயே உள்ளே போனாள்.

ஆனால் அந்த நாலு நாளும் பகலெல்லாம் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஓட்டை வழியாகக் கம்பும் கரையானும் போட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவி காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். பின்வாசல் படியைத் தாண்டி!

பெரியவ இல்லாத நாலு நாளில் மற்ற ஏழும் தங்களுக்குள் வரிசை பேசி முடித்துவிட்டன. ஐந்தாம் நாள் வெளியே வந்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது புதுசு அவள்தான்! சட்டென்று ஒருத்தியைக் கொத்திப் பார்த்தாள். அது ஓடியது. இன்னொருத்தியைக் கொத்தப் போனாள். பொறிச்சி குறுக்கே நின்றாள். பெரியவ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குனிந்து மண்ணைக் கிளற ஆரம்பித்தாள். அவளுடைய முதலிடம் ஒரு வாரத்தில் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வெறி திரும்பவில்லை.

அன்பெல்லாம் பொங்கி வழிகிறது என்று சொல்லமாட்டேன். முதல் கவளம் பெரியவளுக்குத்தான். கூட்டில் சுவரோர மூலை பெரியவளுக்குத்தான். மார்கழியில் ஒருநாள் வல்லூறு தாழப் பறந்தபோது பெரியவ போட்ட ஒரே கத்தலில் எல்லாம் பலகைக்கு அடியில் பாய்ந்தன. "பார்த்தியா, காப்பாத்திட்டா!" என்றாள் அம்மா. நான் பார்த்தவரையில் முதலில் ஓடி ஒளிந்தது பெரியவதான். மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்னால் பையன் போன் பண்ணி, "நாட்டுக்கோழிக் குழம்பு உண்டாம்மா?" என்று கேட்டான். "கடைக்கறிதான். இங்க எல்லாம் வேலையில இருக்குதுக" என்றாள் என் மனைவி.

போன வாரம் அந்தச் சாம்பல் விடை முதல் முட்டை போட்டது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. அவளுக்குக் கொண்டையும் நன்றாகச் சிவந்து எழும்பிவிட்டது. நேற்று காலை தீவனச் சட்டிக்குப் பெரியவ வந்தபோது எல்லாரும் ஒதுங்கினார்கள். சாம்பல் மட்டும் ஒதுங்கவில்லை. நின்று, நிமிர்ந்து, பெரியவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்மா, இங்க பாரேன்!" என்று பதறினேன்.

அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தாள். "அதுக பார்த்துக்கும். நீ அந்த ரெண்டாவது சட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி வையி" என்றாள்.